வால் வெட்டாதது

ஓவுலு நகரத்துப் போலீஸ் ஏலத்தில்
நாற்பது யூரோவுக்கு எடுத்தேன் இந்தச் சைக்கிளை.
தொலைத்தவர் யாரோ. தேடி வரவில்லை என்றார்கள்.
வீட்டுக்கு வந்து எண்ணினேன்: பதினொரு கேபிள் டை.
மட்கார்டுக்கு மூன்று. கூடைக்கு நான்கு.
பின்விளக்குக்கு ஒன்று, அதன் ஒயருக்கு இரண்டு.
ஹேண்டிலில் ஒரு ரப்பர் வாத்து,
அதன் கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று,
மூன்று சுற்று சுற்றி, வால் வெட்டாமல்.

கடைக்காரர் ரெய்யோ மூக்கைச் சுளித்தார்:
"இதற்குப் பெயர் பழுது பார்ப்பதல்ல,
தள்ளிப்போடுவது."
சரி. அந்தக் கணக்கில்
என் குடித்தனமே தள்ளிப்போட்டதுதான்:
குளியலறைத் திரை, ரேடியோவின் ஏரியல்,
ஆடும் பல்லைப் போல ஓர் அலமாரிக் கதவு.
நூறு டை ஒரு பொட்டலம், நாலு யூரோ.
வேறென்ன வேண்டும் ஒருத்திக்கு.

அதன்பின் ஊரெல்லாம் அதுவே கண்ணில் பட்டது.
நூலக வாசலில் நிற்கும் சைக்கிள்களில்
ஒருவர் பனி கூட்டும் பிரஷைக் கட்டியிருந்தார்,
ஒருவர் பிளாஸ்க்கை, ஒருவர் ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டையை.
(மற்றது எங்கே?)
வாங்கும்போது எல்லாச் சைக்கிளும் ஒன்றுதான்.
கட்டக் கட்டத்தான் ஆளின் சாயல் வருகிறது.

விடியுமுன் பத்திரிகை போடுகிறேன் நான்,
நூற்று எழுபது வீடு.
வெள்ளை டை இரண்டு கோடையில் மஞ்சளித்து நொறுங்கும்,
கறுப்பு வெயில் தாங்கும்.
வெட்டிய முனை கத்தி. சந்தேகமிருந்தால்
என் காலுறைகளைக் கேளுங்கள்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து மூன்றில் மட்டும்
கறுப்பு வெள்ளை பேதமில்லை, எல்லாம் கண்ணாடி.

ஜனவரியில், துய்ரா பாலத்தின் நடுவில்
டப்பென்று ஒன்று. உடனே இன்னொன்று.
மட்கார்டு சக்கரத்தில் சாய்ந்து
பனியைச் சீவத் தொடங்கியது.
கையுறையைக் கழற்றினேன். அந்த இருட்டில்
துளை எங்கே என்று விரலுக்குத்தான் தெரியும்,
விரலுக்கும் அரை நிமிடம்தான் தெரியும்.
நுனியை நுழைத்து இழுக்க,
க்ர்ர்ர்ர்க்,
உறைந்த ஆற்றின்மேல் அது ஒன்றே சத்தம்.
ஒவ்வொரு பல்லாய் முன்னே போகும்,
ஒரு பல்கூடப் பின்னே வராது.
அதை நம்பித்தானே கட்டுகிறோம்.
மிச்ச வாலைக் கடித்துத் துப்பினேன்.
நூற்றெட்டாம் வீட்டில் பத்திரிகை தாமதம்.
புகார் வந்தது.

மே மாதம் ஒரு சிக்னலில், பக்கத்தில் ஒரு பெண்.
சிவப்பு முடியும்வரை வாத்தையே பார்த்தாள்.
"அந்த ஆரஞ்சு என்னுடையது" என்றாள்.
சைக்கிள் என்று சொல்லவில்லை.
மூன்று சுற்று, நீள வால்: அது அவள் கை.
பச்சை விழுந்தது. இருவரும் நகரவில்லை.
பின்னால் யாரோ மணியடித்தார், பிறகு திட்டினார்.

ஓரமாக ஒதுங்கினோம். பெயர் ஸைமி.
ஏலச் சீட்டை எடுத்து நீட்டினேன், திருடியைப் போல.
வேண்டாம் என்று கையசைத்தாள்:
காப்பீட்டுப் பணத்தில் புதிது வாங்கியாயிற்று.
வாத்து மட்டும்.
மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

கத்தரிக்காகப் பையைத் துழாவினேன்.
அதற்குள் அவள் கூந்தலிலிருந்து ஓர் ஊசியை உருவி
டையின் தலைக்குள் விட்டு
உள்ளேயிருந்த ஏதோ ஒரு நாக்கைத் தூக்கினாள்.
வழுக்கிக்கொண்டு வந்தது, முழுசாக,
எதிர்த்திசையில், சத்தமே இல்லாமல்.

எத்தனை நூறு வெட்டியிருப்பேன் நான்.

வாத்தைக் கோட்டுப் பையில் போட்டாள், அலகு வெளியே தெரிய.
டையை என் உள்ளங்கையில் வைத்தாள்.
இன்னும் சுருண்டிருந்தது, ஒரு சின்னக் கழுத்தின் அளவுக்கு.

இப்போது அது மணியைப் பிடித்திருக்கிறது.
வாலை வெட்டவில்லை.
இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் மணிக்கட்டில் குத்துகிறது.
குத்தட்டும்.